செய்முறைக் கொப்பியும் உளநலத் தாதியர் ஆய்வும்

(கல்லூரியின் நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உரையாற்றும்படி கேட்டபோது, "உளநலம் பற்றி ஏதாவது சொல்லுங்கோ" என்றுதான் செயலாளர் சொன்னார். பரீட்சைக் காலப் பதற்றம், பிள்ளைகளின் கைத்தொலைபேசிப் பழக்கம் என்று பேசியிருந்தால் கேட்பவர்களுக்கும் சுகமாக இருந்திருக்கும். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் வறண்டதாகத் தோன்றலாம். உளநலத் தாதியர் செய்யும் ஆய்வுகளை எப்படி எழுதவேண்டும், அப்படி எழுதுவதற்கு உலகில் என்ன வழிகாட்டிகள் இருக்கின்றன என்பதே அது. அரை மணித்தியாலம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது நோயாளிகளைப் பற்றிய பேச்சு என்பது போகப்போகத் தெரியும்.

இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும். மேடையில் நிற்பவர் ஒருவர். வேலை மூன்று பேருடையது. ஒருவர் வைத்தியர். மற்ற இருவரும் உளநலத் தாதியர். அவர்களில் ஒருவர் எங்கள் வகுப்புத் தோழி, மற்றவர் எங்களுக்குப் பத்து வருடம் பின்னால் இதே வாசலால் வெளியேறியவர். மூவரும் வடபகுதி வைத்தியசாலை ஒன்றின் உளமருத்துவ விடுதியில் சேர்ந்து வேலை செய்தோம். விடுதிக்குள் 'டொக்டர்', 'மிஸி'. வெளியே வந்தால் அக்கா, தங்கை.

முதலில் கல்லூரியிலிருந்தே தொடங்குகிறோம்.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வுக்குப் பிறகு ஊர் திரும்பி, உயர்தர வகுப்பில் சேர்ந்தவர்கள் நாங்கள். இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் மிஞ்சியிருந்தவை சில குடுவைகளும் மூன்று அளவிகளும்தான். முறை வைத்துத்தான் நியமிப்புச் செய்வோம். பொருள் எவ்வளவு குறைவோ, ரீச்சர் செய்முறைக் கொப்பியில் அவ்வளவு கண்டிப்பு. நோக்கம், உபகரணம், செய்முறை, அவதானம், முடிவு என்று தலைப்புகள் ஒழுங்காக இருக்கவேண்டும். "சிறிதளவு அமிலம்" என்று எழுதினால் சிவப்புக் கோடு விழும். சிறிதளவு என்றால் எவ்வளவு? எத்தனை துளி காட்டி விட்டாய்? நீ இல்லாத நாளில் இன்னொருத்தி இந்தக் கொப்பியைப் பார்த்து இதையே செய்ய முடியுமா?

ஒருநாள் எங்களில் ஒருத்தி மூன்று வாசிப்புகளில் ஒத்துவராத ஒன்றை அழிறப்பரால் அழித்துவிட்டாள். கடதாசி மெலிந்திருந்ததை ரீச்சர் கண்டுவிட்டார்.

"பிள்ளை, இந்த இடத்தில என்ன இருந்தது?"

"பிழையான வாசிப்பு ரீச்சர்."

"பிழை எண்டு ஆர் சொன்னது? திரும்ப எழுது. ஏன் எடுக்கேல்லை எண்டும் பக்கத்தில எழுது. பாக்கிறவ தீர்மானிக்கட்டும்."

அன்று அது வெறும் கண்டிப்பாகத்தான் தெரிந்தது. இருபது வருடம் கழித்து, எங்களுடைய சொந்த ஆய்வொன்றில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது. அதைப் பின்னர் சொல்கிறோம்.

உளநலத் தாதியின் வேலை என்னவென்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் வீடுகளில் அந்த வேலை தேவைப்படாத வீடுகள் குறைவு. மருந்து கொடுப்பதும் ஊசி போடுவதும் அதில் ஒரு பகுதி. பெரும்பகுதி வேறு. நித்திரை வராமல் இரவு இரண்டு மணிக்கு எழுந்து நடப்பவரோடு கூட நடப்பது, கோபத்தில் கத்துபவரிடம் தணிந்த குரலில் பேசுவது, மகன் ஏன் குளிக்க மறுக்கிறான் என்று தாய்க்கு விளங்கப்படுத்துவது, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு அந்த ஆள் கிளினிக்குக்கு வருகிறாரா என்று பார்ப்பது. இவை எல்லாம் சிகிச்சைதான். ஆனால் இவற்றை எழுத்தில் வைப்பது கடினம்.

ஒரு மருந்தை ஆராய்ந்தால், ஹலோபெரிடோல், 5 மில்லிகிராம், நாளுக்கு எத்தனை தடவை, எத்தனை கிழமை என்று எழுதிவிடலாம். கொழும்பில் எழுதியதை மெல்பேணில் இருப்பவர் வாசித்து அப்படியே கொடுக்கலாம். தாதி பேசிய பேச்சுக்கு மில்லிகிராம் கிடையாது. "நோயாளிகளுக்குத் தாதியர் உளவளத்துணை வழங்கினர், நிலைமை முன்னேறியது" என்று ஒரு கட்டுரை முடிந்தால், வாசித்தவர் கையில் என்ன மிஞ்சுகிறது?

எங்களுக்கே இது நடந்தது. விடுதியில் பதற்றம் கூடிய நாட்களில் நோயாளிகளைக் கட்டில்களோடு கட்டவேண்டி வந்தது. ஆட்கள் குறைவு, இரவில் ஒரே ஒரு தாதி. கட்டும்போது நோயாளியின் கண்ணைப் பார்க்க முடியாது என்று எங்கள் தோழி சொல்வார். இதைக் குறைக்க வழி தேடி வாசித்தோம். ஒரு கட்டுரையில், தாதியர் நடத்திய தளர்வுப் பயிற்சியால் விடுதியில் வன்முறை குறைந்தது என்றிருந்தது. சந்தோசத்தோடு அச்செடுத்தோம். மேசையில் வைத்து இரண்டாம் முறை வாசித்தபோதுதான் உறைத்தது. பயிற்சி எத்தனை நிமிடம்? காலையா, மாலையா? தனியாகவா, குழுவாகவா? நடத்திய தாதிக்கு யார், எவ்வளவு நாள் பழக்கினார்கள்? ஒருவர் மறுத்தால் என்ன செய்தார்கள்? ஒன்றும் இல்லை. ஆசிரியருக்கு எழுதிக் கேட்டோம், பதில் வரவில்லை. எங்களுக்குத் தோன்றியபடி ஏதோ செய்து பார்த்தோம். பயன் தெரியவில்லை. அந்த முறையே பயனற்றதா, நாங்கள் செய்த முறை பிழையா என்று இன்றுவரை சொல்லமுடியாது. அந்த மாதங்களிலும் நோயாளிகள் கட்டப்பட்டார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த சங்கடம் அல்ல. 2013 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. மருந்தல்லாத சிகிச்சைகள் 137 ஐ எடுத்து, அவை திருப்பிச் செய்யக்கூடிய அளவுக்கு எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தார்கள். 39 வீதமானவையே அப்படி இருந்தன. கட்டுரை ஆசிரியர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டபின் அது 59 வீதமாயிற்று. மிச்சம் கேட்டும் கிடைக்கவில்லை. அதற்கு முன், 2009 இல், இயன் சாமர்ஸ், போல் கிளாசியூ என்ற இருவர் 'லான்செற்' சஞ்சிகையில் மருத்துவ ஆய்வு முழுவதையும் நோக்கி ஒரு மதிப்பீடு செய்தார்கள். தேவையற்ற கேள்வி, பிழையான வடிவமைப்பு, வெளியிடாமல் விடுவது, விளங்காமல் எழுதுவது என்று எல்லாம் சேர்ந்து, ஆய்வுக்கு இடும் முதலீட்டில் ஏறக்குறைய 85 வீதம் வீணாகிறது என்பது அவர்கள் கணிப்பு. அதில் எழுத்தினால் வரும் நட்டம்தான் மிகக் குறைந்த செலவில் தவிர்க்கக்கூடியது. ஆய்வு முடிந்துவிட்டது, நோயாளிகள் நேரத்தைத் தந்துவிட்டார்கள். நடந்ததை எழுதுவது மட்டுமே பாக்கி.

இதற்காக உருவானவைதான் அறிக்கையிடல் வழிகாட்டிகள். பெயர் பெரிது, பொருள் எளியது. ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன விடயங்கள் கட்டாயம் சொல்லப்படவேண்டும் என்ற பட்டியல் அது. ரீச்சரின் செய்முறைத் தலைப்புகளின் பெரிய பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பரவலாக அறியப்பட்டது 'கொன்சோட்'. நோயாளிகளை எழுமாறாக இரு குழுக்களாகப் பிரித்து ஒப்பிடும் பரிசோதனைகளுக்கானது. 1996 இல் வெளிவந்து, 2001 இலும் 2010 இலும் திருத்தப்பட்டது. 2025 இல் வந்த புதிய பதிப்பில் 30 விடயங்கள் உண்டு. ஆட்களை அவதானித்து மட்டும் பார்க்கும் ஆய்வுகளுக்கு 2007 இல் 'ஸ்ட்ரோப்' வந்தது, 22 விடயங்களுடன். நேர்காணல், குழுக் கலந்துரையாடல் வழியாகச் செய்யும் ஆய்வுகளுக்கு அதே ஆண்டில் 'கோறெக்', 32 விடயங்கள். பல ஆய்வுகளைத் திரட்டிச் செய்யும் முறைசார் மீளாய்வுகளுக்கு 'பிறிஸ்மா', 2009 இல் வந்து 2020 இல் புதுப்பிக்கப்பட்டது. இவற்றை ஓரிடத்தில் சேர்த்து எவரும் இலவசமாக எடுக்கும்படி வைத்திருப்பது 'ஈக்குவேற்றர்' வலையமைப்பு. 2008 இல் இலண்டனில் தொடக்கிவைக்கப்பட்ட அதை முன்னின்று வளர்த்தவர் டக்ளஸ் ஓல்ற்மன் என்ற புள்ளிவிபரவியலாளர். ஒக்ஸ்போட்டில் பணிபுரிந்து 2018 இல் மறைந்தார். மோசமான மருத்துவ ஆய்வு ஓர் அவலம் என்று 1994 இலேயே துணிந்து எழுதியவர். இன்று அந்த வலையமைப்பில் 500 க்கும் மேற்பட்ட வழிகாட்டிகள் உள்ளன. தொடங்குபவருக்குப் பயமாக இருக்கும். பயப்படவேண்டாம். உங்கள் ஆய்வு எந்த வகை என்று தெரிந்தால் ஒன்றோ இரண்டோ போதும்.

உளநலத் தாதியருக்கு மிக அவசியமானது என்று நாங்கள் நினைப்பது 2014 இல் வந்த 'டைடியர்' என்ற 12 விடயப் பட்டியல். செய்த சிகிச்சையை எப்படி விபரிப்பது என்பதை மட்டும் சொல்கிறது. அதன் பெயர் என்ன, ஏன் செய்தீர்கள், என்ன பொருட்கள் பாவித்தீர்கள், படிப்படியாக என்ன செய்தீர்கள், செய்தவர் யார், அவருக்கு என்ன பயிற்சி, நேரிலா தொலைபேசியிலா, எந்த இடத்தில், எத்தனை தடவை, எவ்வளவு நேரம், ஆளுக்கு ஆள் மாற்றினீர்களா, நடுவில் திட்டத்தை மாற்றினீர்களா, திட்டமிட்டபடி நடக்கிறதா என்று பார்க்க என்ன ஏற்பாடு, உண்மையில் எவ்வளவு நடந்தது. நாங்கள் அச்செடுத்த அந்தக் கட்டுரையை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டோம். பன்னிரண்டில் மூன்றுக்குத்தான் அதில் பதில் இருந்தது.

நன்றாக விபரித்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் வேண்டும். பிரித்தானியாவில் லென் போவேர்ஸ் என்ற உளநலத் தாதியியல் பேராசிரியரும் குழுவினரும் 'சேவ்வோட்ஸ்' என்ற முறையை உருவாக்கினார்கள். உளமருத்துவ விடுதிகளில் மோதலையும், அதை அடக்கக் கையாளும் கட்டிவைத்தல், தனியறையில் அடைத்தல், பலவந்தமாக மருந்து கொடுத்தல் போன்றவற்றையும் குறைப்பது நோக்கம். அதில் பத்துச் செயல்கள். ஒன்று, கடமை மாறும்போது ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு நல்ல விடயமாவது சொல்வது. இன்னொன்று, தாதியரும் நோயாளிகளும் தங்களுக்குப் பிடித்த பாட்டு, சாப்பாடு, விளையாட்டு என்பவற்றை எழுதி ஒருவரை ஒருவர் அறிய வைப்பது. மற்றொன்று, வீடு செல்பவர் புதிதாக வருபவருக்கு நம்பிக்கை தரும் ஒரு வரி எழுதித் தொங்கவிட்டுப் போவது. கெட்ட செய்தி வரப்போகிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே ஆளோடு இருந்து ஆறுதலாகச் சொல்வதும் ஒன்று.

15 வைத்தியசாலைகளில் 31 விடுதிகளை எழுமாறாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். ஒப்பீட்டு விடுதிகளையும் சும்மா விடவில்லை. அங்கே ஊழியரின் உடல்நலத்துக்கான வேறொரு திட்டத்தை நடத்தினார்கள், புதிய திட்டம் ஒன்று வந்த உற்சாகம் இரு பக்கமும் இருக்கட்டும் என்று. 2015 இல் முடிவு வெளியானது. ஒப்பீட்டு விடுதிகளைவிட மோதல் 15 வீதமும், அடக்கும் நடவடிக்கைகள் 26.4 வீதமும் குறைந்திருந்தன. எங்களுக்கு இந்த எண்களைவிடப் பெரிதாகத் தெரிந்தது வேறு. ஒவ்வொரு செயலையும் எப்படிச் செய்வது என்று எழுதி, எந்த விடுதியும் எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைத்தார்கள். அதனால்தான் அவுஸ்திரேலியாவின் விக்ரோரியா மாநிலத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. எங்கள் விடுதியிலும் இப்போது கடமை மாறும்போது நல்ல சொல் ஒன்று சொல்கிறோம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம்.

எங்கள் பகுதியில் பெரிய பிரச்சினை, வீட்டுக்குப் போனவர்கள் கிளினிக்குக்கு வராமல் விடுவது. மருந்து நிற்கும், நோய் திரும்பும், மறுபடி விடுதி. இதற்காக ஒரு சிறிய ஆய்வு தொடங்கினோம். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று, வீடு போனவர்களைத் தாதி குறித்த நாட்களில் தொலைபேசியில் அழைத்துச் சுகம் விசாரிப்பது, மருந்தையும் அடுத்த கிளினிக் திகதியையும் நினைவூட்டுவது என்று திட்டம். பல மாதம் செய்தோம். எழுதும் நேரம் வந்தது. முதல் வரைவு அழகாக இருந்தது. தொலைபேசி அழைப்புப் பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் கிளினிக்குக்கு ஒழுங்காக வந்தார்கள் என்று எழுதினோம். எங்களுக்குப் பெருமை.

எங்களில் இளையவர் ஒருநாள் மாலை கடமை முடிந்து வந்து கதிரையில் இருந்தார். கையில் 'கொன்சோட்' சொல்லும் அந்தப் படம். எத்தனை பேரைக் கேட்டீர்கள், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள், ஏன், கடைசியில் எத்தனை பேரைக் கணக்கில் எடுத்தீர்கள் என்று பெட்டி பெட்டியாகக் காட்டும் படம். எங்களுடையது எழுமாற்றுப் பரிசோதனை அல்ல. அப்படியானவற்றுக்கு 2004 இல் வந்த 'ட்ரெண்ட்' என்ற பட்டியல் இருக்கிறது. அதுவும் இதே கேள்வியைக் கேட்கிறது. பெட்டிகளை நிரப்பிப் பார்த்திருக்கிறார். நிரம்பவில்லை.

"அக்கா, கிளினிக் வராத ஆக்களுக்காகத்தானே இந்த வேலையைத் தொடங்கினம்? இப்ப தொடர்பில்லாமல் போன ஆக்களையே கணக்கில விட்டிட்டம்."

கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. 'முழுமையாகப் பங்குபற்றியவர்கள்' என்ற ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டு, விலகியவர்களை வெளியே விட்டிருந்தோம். அழிறப்பர் எங்கள் கையில் இருந்தது.

விலகியவர்களைத் தேடினோம். சிலருடைய தொலைபேசி விற்றாயிற்று. சிலர் வேலை தேடி வேறு மாவட்டம் போய்விட்டார்கள். ஒருவர் வேறொரு வைத்தியசாலையில் திரும்ப அனுமதிக்கப்பட்டிருந்தார். ஒரு இளம்பெண் எங்களோடு பேசவே விரும்பவில்லை. அவருடைய தாயார்தான் விடுதிக்கு வந்து சொன்னார். கல்யாணம் கட்டிப் போன வீட்டில் மகளின் வருத்தம் ஒருவருக்கும் தெரியாது. எங்கள் அழைப்பை மாமியார் எடுத்திருக்கிறார். "ஆஸ்பத்திரியில இருந்து கதைக்கிறம், மருந்து ஒழுங்காக் குடிக்கிறாவோ?" என்று கேட்டிருக்கிறோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை இங்கே சொல்லமாட்டோம். தாயார் எங்களை ஏசவில்லை. "நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள் மிஸி" என்றார். ஏசியிருந்தால் லேசாக இருந்திருக்கும்.

முதல் வரைவு அப்படியே அச்சேறியிருந்தால், தொலைபேசி அழைப்பு நல்லது என்று இன்னொரு வைத்தியசாலையில் வாசித்து, அதையே செய்து, இன்னொரு பெண்ணின் மாமியார் தொலைபேசியை எடுத்திருப்பார். சிகிச்சையால் வந்த தீங்கையும் எழுது என்று வழிகாட்டிகள் கேட்கின்றன. பேச்சால் என்ன தீங்கு வரும் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தோம்.

திரும்ப எழுதினோம். தொடங்கிய எல்லோரையும் கணக்கில் எடுத்தோம். பயன் முன்பு காட்டியதைவிடச் சிறுத்துவிட்டது. தீங்கு என்ற தலைப்பில், எவரையும் அடையாளம் காணமுடியாதபடி, நடந்ததை எழுதினோம். கட்டுரை ஒருமுறை திருத்தம் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறது, இன்னும் அச்சேறவில்லை. ஆனால் விடுதியில் வேலை மாறிவிட்டது. இப்போது துண்டு வெட்டுமுன், எந்த இலக்கத்துக்கு, எந்த நேரம், வேறு யாரும் எடுத்தால் என்ன பெயர் சொல்லவேண்டும், அழைக்கவே வேண்டாமா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுகிறோம். கொப்பியில் விட்டுப்போன ஒரு வரியைத் தேடப் போய்த்தான் இந்த மாற்றம் வந்தது.

வழிகாட்டிகளைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்லவும் கூடாது. பட்டியலை நிரப்புவதால் மோசமான ஆய்வு நல்ல ஆய்வாகாது. மோசமானது என்று வாசிப்பவருக்குத் தெரியவரும், அவ்வளவுதான். பல சஞ்சிகைகள் இன்று பட்டியலை நிரப்பி அனுப்பும்படி கேட்கின்றன. கடைசி இரவில் எல்லாப் பெட்டிக்கும் ஒரு பக்க இலக்கம் போட்டு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தைத் திறந்தால் சொன்ன விடயம் இருக்காது. பட்டியலை எடுக்கவேண்டிய நேரம் எழுதும்போது அல்ல, திட்டமிடும்போது. விலகியவர்களின் காரணத்தை அன்றன்று குறிக்காவிட்டால் பிறகு எங்கே போய்த் தேடுவது? பரிசோதனை என்றால் தொடங்குமுன் பதிவுசெய்யவும் வேண்டும். அதற்கு இலங்கை மருத்துவச் சங்கத்தின் பதிவேடு 2006 முதல் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது.

எங்கள் மொழியில் செய்யும் ஆய்வுகளுக்கு இன்னும் ஒரு கவனம் வேண்டும். நேர்காணல் தமிழில், கட்டுரை ஆங்கிலத்தில். "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "மனம் விட்டுப்போச்சு", "யோசினை" என்று அவர்கள் சொன்னவற்றை 'மனச்சோர்வு' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் அடைத்துவிட்டால் யார் சொன்னதை ஆராய்ந்தோம்? யார் மொழிபெயர்த்தார், எப்படிச் சரிபார்த்தார் என்று எழுதவேண்டும். நேர்காணல் செய்தவர் யார், அவருக்கும் பேசியவருக்கும் முன்பே என்ன உறவு என்று 'கோறெக்' கேட்கிறது. இது எங்களுக்கு மிகவும் பொருந்தும். ஊசி போடும் மிஸியே வந்து "எங்கட சேவை எப்பிடி?" என்று கேட்டால், "நல்லம் மிஸி" என்பதைத் தவிர எங்கள் சனம் வேறென்ன சொல்லும்? பதிலோடு கேட்டவரையும் எழுதினால்தான் அந்தப் பதிலின் பெறுமதி தெரியும்.

இதை ஏன் பழைய மாணவிகளிடம் சொல்கிறோம்? காரணம் இருக்கிறது.

இந்த மண்டபத்திலும், இந்த மலரை இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் விரித்து வாசிக்கப்போகும் வீடுகளிலும் தாதியர் இருக்கிறீர்கள், வைத்தியர் இருக்கிறீர்கள், புள்ளிவிபரம் படித்தவர்கள், நூலகர், ஆசிரியைமார் இருக்கிறீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் பிற இடங்களிலும் எங்கள் பிள்ளைகள் தாதியியலில் பட்டம் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஓர் ஆய்வு செய்கிறார்கள். நல்ல கேள்விகள் கேட்கிறார்கள். பல ஆய்வுகள் கட்டப்பட்ட புத்தகமாக அலுமாரிக்குள் போய்விடுகின்றன. கல்லூரிக்குக் கட்டடம் கட்ட நீங்கள் தந்த உதவியை மறக்கமாட்டோம். இப்போது கேட்பது பணம் அல்ல. வருடத்துக்கு ஒரு தங்கையின் வரைவை எடுத்து, அதற்குரிய பட்டியலைப் பக்கத்தில் வைத்து, இல்லாதவற்றைப் பென்சிலால் குறித்து அனுப்புங்கள். நான்கு மணித்தியால வேலை. விரும்புபவர்கள் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆட்களைச் சேர்த்துவிடும் பொறுப்பை நாங்கள் மூவரும் எடுக்கிறோம்.

ஆய்வோடு தொடர்பில்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்திரிகையிலோ கைத்தொலைபேசியிலோ ஒரு புதிய சிகிச்சை பற்றி வாசித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். சரியாக என்ன செய்தார்கள்? தொடங்கியவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை? யாருக்காவது தீங்கு வந்ததா? உங்கள் வீட்டில் ஒருவரை ஆய்வில் சேரும்படி கேட்டால், இடையில் விலகினால் அவரைப் பற்றி என்ன எழுதுவீர்கள் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. நல்ல ஆய்வாளர் கோபிக்கமாட்டார்.

இன்றைய மாணவிகளுக்கு, உங்கள் செய்முறைக் கொப்பியைப் புள்ளிக்காக மட்டும் எழுதாதீர்கள். ஒத்துவராத வாசிப்பை அழிக்காதீர்கள்.

எங்கள் ரீச்சர் இன்று எங்களோடு இல்லை. திருத்திய கட்டுரையை முதலில் அவருக்குத்தான் காட்டியிருப்போம். நன்றி என்ற பகுதியில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறோம். சஞ்சிகைக்காரர் காரணம் கேட்டால், இந்தக் கதையைச் சொல்வோம்.

எங்களை வளர்த்த கல்லூரி இன்னும் பல நூறாண்டு வாழ்க.